சாகசச் சுற்றுலாவில் ஆண், பெண் வேறுபாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றம், பாறையேற்றம், ராஃப்டிங், ஸ்கூபா டைவிங், பாராகிளைடிங், பனிச்சறுக்கு ஆகியவற்றுக்காகவே பயணம் புறப்படுகிறவர்களும், அவர்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்படுகின்றன. உடலமைப்பால் வரும் வேறுபாடு ஒன்று. வளர்ப்பாலும் வழக்கத்தாலும் ஏற்பாட்டுக் குறைகளாலும் வரும் வேறுபாடு இன்னொன்று. முன்னது நாம் நினைப்பதைவிடச் சிறியது, பின்னது நாம் நினைப்பதைவிடப் பெரியது என்பதே இந்தப் பதில்களை எழுதியவரின் கருத்து.

சாகசம் என்றாலே ஆண்களுக்கு உரியது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

மலையேற்றம் ஒரு பொழுதுபோக்காக உருவெடுத்த காலத்திலேயே வாசலில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். 1857-இல் லண்டனில் தொடங்கிய ஆல்பைன் கிளப், பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1970-கள் வரை காத்திருந்தது. அதனால் பெண்கள் 1907-இல் தமக்கெனத் தனி மன்றம் அமைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு மிக முன்பே அவர்கள் சிகரங்களைத் தொட்டுவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. மாரி பாரடி 1808-இலும் ஆன்ரியெட் தாஞ்செவில் 1838-இலும் மோன் பிளாங் சிகரத்தில் நின்றார்கள். மேட்டர்ஹார்ன் முதன்முதலில் ஏறப்பட்ட 1865-க்கு ஆறே ஆண்டுகள் கழித்து, லூசி வாக்கர் அதன் உச்சியை அடைந்தார்.

1969-இல் ஜப்பானில் பெண்களுக்கான மலையேற்ற மன்றத்தைத் தொடங்கிய ஜுன்கோ தாபெய், எவரெஸ்ட் பயணத்துக்குப் பண உதவி கேட்டுச் சென்ற இடங்களில், வீட்டிலிருந்து குழந்தையை வளர்க்கும்படி அவருக்குப் புத்தி சொல்லப்பட்டது. 1975 மே மாதம் அவரது முகாமைப் பனிச்சரிவு மூடியது; ஷெர்பா வழிகாட்டியால் தோண்டி எடுக்கப்பட்ட அவர், 12 நாள்கள் கழித்து மே 16 அன்று எவரெஸ்டை எட்டிய முதல் பெண்ணானார். பனிச்சறுக்குத் தாண்டல் கதை இன்னும் விசித்திரமானது: குதித்துத் தரையிறங்குவது பெண் உடலுக்கு ஆகாது என்று மருத்துவக் காரணம்போலவே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆண்கள் 1924 குளிர்கால ஒலிம்பிக்கிலேயே தாண்டினார்கள். பெண்களுக்கு 2014-இல் சோச்சியில்தான் இடம் கிடைத்தது.

ஆண்களுக்கு இயல்பிலேயே துணிச்சல் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றனவா?

ஆபத்தை நாடும் போக்கில் ஆண்களின் சராசரி சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. 150 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1999-இல் வெளியான பகுப்பாய்வு அதையே கண்டது. ஆனால் அந்த இடைவெளி செயலுக்குச் செயல் பெரிதும் மாறுவதையும், சில வகைகளில் காலப்போக்கில் சுருங்கிவருவதையும் அதே பகுப்பாய்வு காட்டியது.

இந்தத் துறையில் மிகுதியாகப் பயன்படும் அளவுகோல், உளவியலாளர் மார்வின் சக்கர்மன் 1960-களில் தொடங்கி உருவாக்கிய கிளர்ச்சி நாட்ட வினாத்தாள். மலையேறுபவராக இருக்க ஆசையா, பாராசூட்டில் குதித்துப் பார்க்க விருப்பமா, அலைச்சறுக்குப் பலகையில் ஏறுவீர்களா என்ற வகைக் கேள்விகள் அதில் உண்டு. இவை எல்லாமே அக்காலத்தில் ஆண்களின் ஆட்டங்களாகக் கருதப்பட்டவை என்பதால், வினாத்தாள் அளந்தது துணிச்சலையா, பழக்கத்தையா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2013-இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வின்படி, கட்டுப்பாடு தளர்ந்து நடப்பதிலும் எளிதில் சலிப்படைவதிலும் ஆண் பெண் இடைவெளி பல ஆண்டுகளாக அப்படியே இருக்க, சாகச நாட்டத்தில் மட்டும் அது குறைந்துவந்திருக்கிறது. புதிய அனுபவத்தைத் தேடும் ஆர்வத்திலோ இரு பாலாருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயணத்துக்குப் பெயர் கொடுக்க ஒருவரைத் தூண்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசி ஆர்வம்தான்.

அப்படியானால் உடலளவில் வேறுபாடே இல்லையா?

இருக்கிறது; அதை மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. சராசரியாக, பெண்களின் மேலுடல் வலிமை ஆண்களுடையதில் பாதிக்குச் சற்று மேலாகவும், கால் வலிமை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும் இருக்கும். தொலைதூர ஓட்டத்தின் உச்ச நிலையில் இடைவெளி சுமார் 10 விழுக்காடு. கைவிரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும் ரேனோ நோய் பெண்களிடம் அதிகம் என்பதால், பனிப்பகுதிப் பயணத்தில் கையுறைத் தேர்வு அவர்களுக்கு வெறும் வசதிப் பிரச்சினை அல்ல.

பாதுகாப்பைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய வேறுபாடு முழங்காலில் இருக்கிறது. விளையாட்டு வீரர்கள் ஏசிஎல் என்று சொல்லும் உள்தசைநார் அறுபடுவது, குதித்துத் திரும்பும் விளையாட்டுகளிலும் பனிச்சறுக்கிலும் பெண்களிடம் தெளிவாகவே அதிகம். இடுப்பின் அகலம், மூட்டின் அமைப்பு, தொடைத் தசைகள் இயங்கும் வரிசை எனப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. விழும்போது காலணியைச் சறுக்குக்கட்டையிலிருந்து விடுவிக்க வேண்டிய பைண்டிங் எந்த விசையில் திறக்க வேண்டும் என்பதை, எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், சறுக்குபவரின் பாணி ஆகியவற்றைக் கொண்டு ஓர் அட்டவணையிலிருந்து கணிக்கிறார்கள். பலரும் தம்மைத் தேர்ந்தவராகக் காட்டிக்கொள்ள விரும்பி, பாணி என்ற கட்டத்தில் ஒரு படி கூட்டிச் சொல்வதுண்டு. அந்தப் பொய், கட்டை கழலாமல் முழங்கால் முறுகும் வாய்ப்பைத்தான் கூட்டும். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவதே முழங்காலுக்கான முதல் காப்பு. பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடை, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியையும் குதித்துச் சரியாகத் தரையிறங்கும் பயிற்சியையும் தொடங்குவது அடுத்தது.

உயர்ந்த மலைகளில் பெண்கள் கூடுதலாக அவதிப்படுகிறார்களா?

பொதுவாக இல்லை. எவரெஸ்டை முதன்முறையாக முயன்றவர்களை 2006 முதல் 2019 வரை கணக்கெடுத்த ஆய்வில், சிகரத்தை எட்டும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் இரு பாலாருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஏறுபவர்களில் பெண்களின் பங்கு, 1990 முதல் 2005 வரை இருந்த 9.1 விழுக்காட்டிலிருந்து 14.6 விழுக்காடாக உயர்ந்திருந்தது. நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்தான உயரநோய் ஆண்களிடமே அதிகம் காணப்படுகிறது. பெண்கள் புறப்படுமுன் இரத்தத்தில் இரும்புச்சத்தின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. அது குறைவாக இருந்தால் உடல் உயரத்துக்குப் பழகுவது தாமதமாகும்.

நெடுந்தொலைவுப் போட்டிகளில் பெண்கள் ஆண்களை மிஞ்சுகிறார்கள் என்பது உண்மையா?

சில வேளைகளில். 1926-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திய கெர்ட்ரூட் எடர்லி, அதுவரை எந்த ஆணும் எடுத்ததைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவாக எடுத்துக்கொண்டார். 2019 ஜனவரியில் பிரிட்டனின் 268 மைல் ஸ்பைன் ரேஸை, ஜாஸ்மின் பாரிஸ் 83 மணி 12 நிமிடத்தில் முடித்து, ஆண்கள் உட்பட எல்லோரையும் முந்தினார். வழியில் இருந்த தங்குமிடங்களில் தன் கைக்குழந்தைக்காகத் தாய்ப்பால் கறந்துவைத்துவிட்டுத்தான் அவர் ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

ஆயினும் இதைக் கொண்டு பெண்களே தாங்குதிறனில் மேலானவர்கள் என்று பொது விதி வகுப்பது மிகை. தொலைவு கூடக்கூட உடல் வேகத்தின் பங்கு குறைந்து, உறக்கத்தை நிர்வகிப்பது, உண்பதை மறக்காமலிருப்பது, தொடக்கத்தில் அவசரப்படாமலிருப்பது போன்றவற்றின் பங்கு கூடுகிறது என்பதே நிதானமான விளக்கம். பல நாள் ட்ரெக்கிங்கில் முதல் நாள் முந்தி நடந்தவர் நான்காம் நாள் எங்கே இருக்கிறார் என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

கருவிகளில் ஆண், பெண் என்று பிரித்து விற்பது வெறும் வியாபாரமா?

நிறத்தை மட்டும் மாற்றி விற்றால் வியாபாரம்தான். ஆனால் சில கருவிகளில் வேறுபாடு அளவிலேயே இருக்கிறது. பெண்களுக்கான முதுகுப்பையில் முதுகுச் சட்டகம் குட்டையாகவும், தோள்பட்டை வார்கள் நெருக்கமாகவும், இடுப்புப் பட்டை சாய்வாகவும் இருக்கும். ஏறுபவரைக் கயிற்றோடு இணைக்கும் பாறையேற்ற ஹார்னஸில் இடுப்புப் பட்டைக்கும் தொடைப் பட்டைக்கும் இடையிலான தொலைவு கூடுதலாக இருக்கும். இடுப்பெலும்பின் மேல் அமராத பட்டை, தலைகீழாகப் புரளும்போது வழுகக்கூடும் என்பதால் இதில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

ஸ்லீப்பிங் பேக்கை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அதன் உறையில் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டில் கம்ஃபர்ட் 2 டிகிரி, லிமிட் −4 டிகிரி என்பதுபோல இரண்டு எண்களும், அவற்றுக்குக் கீழே மிகத் தாழ்ந்த மூன்றாவது எண் ஒன்றும் இருக்கும். ஐரோப்பியத் தரவிதியாகத் தொடங்கி இன்று ஐஎஸ்ஓ 23537 என்று வழங்கும் விதியின்படி, முதல் எண் 60 கிலோ எடையுள்ள ஒரு மாதிரிப் பெண் தளர்வாகப் படுத்து நிம்மதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, 73 கிலோ எடையுள்ள ஒரு மாதிரி ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு விழிக்காமல் உறங்கக்கூடிய எல்லை. மூன்றாவது எண் உறக்கத்துக்கானதே அல்ல, உயிர் தப்புவதற்கானது. பல கடைகள் விளம்பரத்தில் பெரிதாக அச்சிடுவது இரண்டாவது எண்ணைத்தான். அதை நம்பி வாங்கிய பெண் இரவெல்லாம் நடுங்கிவிட்டுக் காலையில் 'எனக்குக் குளிர் தாங்காது' என்று தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார். அவருக்கான எண் அதே சீட்டில் ஒரு வரி மேலேயே இருந்தது. ஒல்லியான ஆண்களும் முதல் எண்ணையே பார்த்து வாங்குவது நல்லது.

பாராகிளைடிங்கில் பால் என்பதைவிட எடையே எல்லாம். பறப்பவரைத் தாங்கும் துணிச்சிறகான விதானம் ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநரும் கருவியும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குக் கீழே இருப்பவரின் கையில் விதானம் மந்தமாக இயங்கும், காற்றை எதிர்த்து முன்னேறத் திணறும், கொந்தளிப்பில் எளிதாக மடங்கும். வாடகைக் கடையில் சிறிய அளவு இல்லை என்பதற்காகப் பெரியதை மாட்டிக்கொண்டு பறப்பது தவறு. அன்று பறக்காமலிருப்பதே சரி.

விபத்துகளில் ஏன் ஆண்கள் அதிகம் இறக்கிறார்கள்?

அதிகம் பேர் போகிறார்கள் என்பது ஒரு காரணம், ஆனால் அதுவே முழுக் காரணம் அல்ல. நீரில் மூழ்கி இறக்கும் வீதம் ஆண்களிடம் பெண்களைவிட இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பனிச்சரிவில் சிக்கி இறப்பவர்களிலும் மிகப் பெரும்பான்மையினர் ஆண்களே.

2010-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இதை அருகிலிருந்து காட்டுகிறது. பிரிஸ்பேனில் ஸ்கேட்போர்டு ஆடும் 96 இளைஞர்களிடம், கைவந்த வித்தை ஒன்றையும் இன்னும் கைகூடாத வித்தை ஒன்றையும் செய்யச் சொன்னார்கள். பாதிப் பேரை இரண்டாம் சுற்றில் அழகான இளம்பெண் ஒருவர் படம்பிடித்தார். சரியாக வராது என்று தெரிந்தால் நடுவானில் பலகையை உதறிவிட்டுக் குதிப்பது இந்த ஆட்டத்தின் வழக்கம். அந்தப் பெண்ணின் முன்னிலையில் அவர்கள் அப்படி உதறுவது குறைந்தது. வெற்றிகளும் கூடின, விழுந்து அடிபடுவதும் கூடியது. இயன் மெக்கேமன் என்ற பனிச்சரிவு ஆய்வாளர் அமெரிக்காவின் 715 விபத்துகளை ஆராய்ந்து, மனம் விழும் பொறிகள் என ஆறைப் பட்டியலிட்டார்; பிறர் கண்ணில் மதிப்புப் பெறும் ஆசை அவற்றுள் ஒன்று. ஆபத்து மலையில் இருப்பதுபோலவே, பார்த்துக்கொண்டிருக்கும் கண்களிலும் இருக்கிறது.

இதற்கு ஏற்பாட்டாளர்கள் செய்யக்கூடியது எளிமையானது. 'யாருக்காவது தலைவலி இருக்கிறதா?' என்று குழுவின் நடுவில் கேட்டால், ஆண்களில் பலர் வாய் திறக்க மாட்டார்கள். இரவு உணவுக்குப் பின் கூடாரம் கூடாரமாகப் போய்த் தனித்தனியே கேட்கும் வழிகாட்டிக்கு வேறு பதில்கள் கிடைக்கும்.

கணவன் மனைவியாகவோ நண்பர்களாகவோ சேர்ந்து கற்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கயிற்றைக் கவனியுங்கள். பாறையடியில் ஒரு ஜோடி நிற்கிறது. கயிற்றை விரித்து முடிச்சுப் போடுபவர் அவர், முதலில் ஏறிக் கொக்கிகளை மாட்டுபவர் அவர், மேலே நங்கூரம் அமைப்பவர் அவர். அவள் கீழே நின்று கயிற்றைப் பிடிக்கிறாள், பிறகு மேலிருந்து கட்டிய கயிற்றில் பத்திரமாக ஏறுகிறாள். ஐந்து ஆண்டுகளில் இருவருமே நூறு முறை பாறை ஏறியிருப்பார்கள், ஆனால் முடிவெடுக்கும் பயிற்சி ஒருவருக்கு மட்டுமே கிடைத்திருக்கும். பிறகு அதைப் பார்ப்பவர்கள் பெண்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்கிறார்கள். ஆணுக்கும் இதில் இழப்பு உண்டு, ஏனெனில் அவர் மேலே அடிபட்டுக் கிடந்தால் மீட்கத் தெரிந்தவர் கீழே இல்லை. வரைபடம் பார்ப்பது, துடுப்புக்குக் கட்டளை கொடுப்பது, டைவிங் திட்டமிடுவது என எல்லாவற்றிலும் முறை வைத்து மாற்றிக்கொள்வதும், முதல் பாடத்தை வாழ்க்கைத் துணையிடம் கற்காமல் பயிற்றுநரிடம் கற்பதும் உதவும்.

பெண்கள் மட்டும் செல்லும் குழுக்கள் தேவையா?

தொடக்கநிலைப் பயிற்சிக்கு அவை மிகவும் பயனுள்ளவை என்பது என் கருத்து. காரணம் மேலே சொன்ன கயிறுதான். ஆண்கள் இல்லாத குழுவில் முன்னால் போக வேண்டியவரும் பெண்தான் என்பதால், எல்லா வேலையும் பழகிப்போகும். ஆனால் கடினம் குறைந்த பாதை, நிறையப் புகைப்படம், இடையிடையே அழகுசாதனப் பை என்று பெண்கள் குழுவை மென்மையாக்கி விற்கும் ஏற்பாடுகளுக்கு இந்த நன்மை பொருந்தாது. 1978-இல் அன்னபூர்ணாவுக்குச் சென்ற அமெரிக்கப் பெண்கள் குழு, பெண்ணின் இடம் உச்சியே என்ற பொருள்பட வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட்டுகளை விற்றுப் பணம் திரட்டியது. அவர்களில் இருவர் சிகரத்தை எட்டினார்கள். வேறு இருவர் திரும்பி வரவில்லை. மலை அவர்களுக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை.

மாதவிடாய், கழிப்பிடம் பற்றி யாரிடம் கேட்பது?

ஏற்பாட்டாளரிடம், பணம் கட்டுவதற்கு முன்பே. மாதவிடாய் எந்தச் சாகச விளையாட்டுக்கும் தடையல்ல. ஸ்கூபா டைவிங்கின்போது சுறா தேடி வரும் என்பது வெறும் கட்டுக்கதை. பயன்படுத்திய நாப்கினைப் புதைக்காமல், காற்றுப் புகாத பையில் திரும்ப எடுத்துவர வேண்டும். மாதவிடாய்க் கோப்பை கழிவைக் குறைக்கும். ஆனால் கை கழுவ நீர் இல்லாத இடத்தில் முதன்முறையாக அதைப் பழகிப் பார்க்கக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைப்பது. அதனால் நீரிழப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. உயரநோய்க்குத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரை சிறுநீரை வேறு அதிகப்படுத்தும். ஹார்னஸ் மாட்டியவர்கள் இடுப்புப் பட்டையை ஒருபோதும் கழற்ற வேண்டியதில்லை. பல ஹார்னஸ்களில் தொடைப் பட்டைகளைப் பின்பக்கம் தூக்கிப் பிடிக்கும் மீள்நாடாக்களை மட்டும் விடுவித்தால் போதும். இதைத் தரையிலேயே இரண்டு முறை செய்து பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பெரும்பாலான ஆண் பயிற்றுநர்கள் கூச்சத்தால் இதைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை.

கருவுற்றிருக்கும்போது செல்லலாமா?

ஸ்கூபா டைவிங் கூடாது. அழுத்தம் குறையும்போது தோன்றும் குமிழிகள் கருவைப் பாதிக்கக்கூடும். பங்கி ஜம்பிங்கும் ராஃப்டிங்கும் அப்படியே. மிதமான நடைப்பயணம் பற்றி மருத்துவரே சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், உயர்மலையில் பல வாரங்கள் தங்கும் திட்டமிருந்தால் இரத்தக்கட்டு பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

தாயான பிறகு ஆபத்தான பயணம் பொறுப்பற்றதல்லவா?

கேட்பது நியாயம்தான், தந்தையிடமும் அதையே கேட்பதாக இருந்தால். அலிசன் ஹார்கிரீவ்ஸ் 1995 மே மாதம், உருளை ஆக்சிஜனும் ஷெர்பா உதவியும் இன்றி எவரெஸ்டில் ஏறினார். அதே ஆண்டு ஆகஸ்டில் கே2 சிகரத்திலிருந்து இறங்கும்போது புயலில் மாண்டார். அவருக்கு ஆறும் நான்கும் வயதான இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். குழந்தைகளை விட்டுவிட்டு எப்படிப் போனார் என்று செய்தித்தாள்கள் எழுதின. மலைகளில் இறந்த தந்தையர் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றிய இரங்கல் குறிப்புகளில் பிள்ளைகள் கடைசி வரியில் வருவார்கள், குற்றச்சாட்டாக அல்ல.

பெண் வழிகாட்டிகள் ஏன் இவ்வளவு குறைவு?

சான்றிதழ் பெறப் பல ஆண்டுகள் பிடிக்கும். அவை பெரும்பாலும் குழந்தை பெறும் ஆண்டுகள். பிரான்சில் முதல் பெண் மலை வழிகாட்டியாக மார்ட்டின் ரோலான் தகுதி பெற்றது 1983-இல்தான். ஆனால் பெண்கள் மலையில் இல்லாமல் இருந்ததில்லை, கூலி குறைந்த வேலைகளில் இருந்தார்கள். பொலிவியாவில் மலையேறிகளுக்குச் சமைத்துப் போட்டும் சுமை தூக்கியும் வந்த ஐமாரா இனப் பெண்கள், 2015-இல் தாங்களே ஏறத் தொடங்கி, 2019 ஜனவரியில் தங்கள் அகன்ற பாவாடைகளோடு அர்ஜென்டினாவின் 6961 மீட்டர் உயர அகோன்காகுவா உச்சியில் நின்றார்கள். நேபாளத்தின் போக்ராவில் விடுதி நடத்திய செத்ரி சகோதரிகள் மூவர், ஆண் வழிகாட்டிகளிடம் பட்ட தொல்லைகளைப் பெண் பயணிகள் சொல்லக் கேட்டு, 1990-களில் பெண்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்கள்.

தனியே செல்லும் பெண், யாருடன் கூடாரம் பகிர வேண்டும், குழுவில் வேறு பெண் ஊழியர் உண்டா, வழிகாட்டியைப் பற்றியே புகார் இருந்தால் யாரை அழைப்பது என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இதற்குத் தெளிவாகப் பதில் எழுதாத நிறுவனத்தை விட்டுவிடலாம்.

பதிவுப் படிவத்தில் ஆண், பெண் என்று கேட்பது அவசியமா?

அறை ஒதுக்கவும் மருத்துவ உதவிக்கும் தேவைப்படலாம். அப்போதும் திருநர் உள்ளிட்ட எல்லோரும் எழுதும்படி ஓர் இடம் விட்டு, யாருடன் தங்க விருப்பம் என்று தனியே கேட்பது மேல். கருவி ஒதுக்க அந்தக் கட்டம் உதவாது. அதற்கு எடை, உயரம், முதுகு நீளம், காலணி அளவு, முன் அனுபவம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். பங்கி ஜம்பிங் தளங்கள் பலவற்றில் குதிப்பவரை எடைபோட்டு, அந்த எண்ணைப் புறங்கையில் மையால் எழுதிவிடுகிறார்கள். மேடையில் நிற்பவர் அந்த எண்ணைப் பார்த்தே கயிற்றை எடுக்கிறார்.